சம்மன் வந்தா பீரோவுல வைக்காதீங்க: மாவட்டக் கோர்ட்டுக்கு முதல் தடவை போறவங்களுக்கு

ரெண்டு வருஷத்துல மூணு விதமான விஷயத்துக்காக ஒரே கோர்ட் வளாகத்துல படி ஏறி இறங்கினவன் நான். ஒண்ணு, வித்த பைக்குக்கு வந்த டிராபிக் கேஸ். இன்னொண்ணு, சித்தப்பா பையன் ஒரு கைகலப்புல மாட்டினப்ப அவனுக்கு ஜாமீன்தாரரா போய் நின்னது. மூணாவது, அப்பா பேர்ல பக்கத்து வீட்டுக்காரர் போட்ட காம்பவுண்ட் சுவர் கேஸ். மூணுலயும் காசு, லீவு, தூக்கம் எல்லாம் போச்சு, அதுல பாதி எனக்குத் தெரியாததால போனது. தமிழ்நாட்டு மாவட்டக் கோர்ட், தாலுகா கோர்ட்டை மனசுல வச்சுதான் எழுதறேன். நான் வக்கீல் இல்ல, உங்க கேஸுக்கு என்ன வாதம் வைக்கணும்னு சொல்ல எனக்குத் தகுதி இல்ல. வாதத்துக்கு முன்னாடி வர்ற வேலைகளை மட்டும் சொல்றேன்.

1. கையில வந்தது என்ன பேப்பர்?

முதல் குழப்பமே இதுதான். வக்கீல் நோட்டீஸ் கோர்ட் பேப்பர் இல்ல, எதிர் பார்ட்டியோட வக்கீல் அனுப்பற கடிதம், இன்னும் கேஸே போட்டிருக்க மாட்டாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து விசாரணைக்கு வரச்சொல்லி வர்ற நோட்டீஸும் கோர்ட் சம்மன் இல்ல, அது இப்ப பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலா வந்த புது கிரிமினல் நடைமுறைச் சட்டம்) 35(3)-ன்னு வரும், பழைய ஆளுங்க 41ஏ நோட்டீஸ்னு சொல்வாங்க. அதுக்கும் போயே ஆகணும், போனா பொதுவா அரெஸ்ட் பண்ண மாட்டாங்க, போகலைன்னா பண்ண வழி இருக்கு. கோர்ட் சம்மன்னா கோர்ட் முத்திரை, கேஸ் நம்பர், எந்தத் தேதிக்கு எத்தனை மணிக்கு ஆஜராகணும், எல்லாம் இருக்கும். கிரிமினல்னா போலீஸ்காரர் கொண்டு வருவார், சிவில்னா கோர்ட் அமீனா வருவார்.

கையெழுத்து போடாம திருப்பி அனுப்பினா கேஸ் நிக்கும்னு ஒரு நம்பிக்கை நம்ம ஊர்ல இருக்கு. நிக்காது. சிவில்ல கதவுல ஒட்டிட்டுப் போயிடுவாங்க, வாங்கின மாதிரிதான் கணக்கு. வாங்கி, பின்னாடி வாங்கின தேதியை எழுதி, போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அந்தத் தேதியில இருந்துதான் கெடு ஓடும்.

2. கேஸ் நம்பரைப் படிக்கக் கத்துக்கங்க

நம்பருக்கு முன்னாடி இருக்கற எழுத்தைப் பாத்தாலே எந்த ரூமுக்குப் போகணும்னு தெரிஞ்சுடும். எஸ்.டி.சி.ன்னா சின்ன கேஸ், டிராபிக் எல்லாம் இதுலதான் வரும். சி.சி.ன்னா மாஜிஸ்ட்ரேட் விசாரிக்கற கிரிமினல் கேஸ். பி.ஆர்.சி.ன்னா மாஜிஸ்ட்ரேட் வாங்கி செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பப் போற பெரிய கேஸ், அங்க போனதும் அது எஸ்.சி. ஆயிடும். ஓ.எஸ்.ன்னா சிவில் கேஸ், அதுக்குள்ள போடற இடைக்கால மனு ஐ.ஏ. தீர்ப்பை நிறைவேத்தச் சொல்லிப் போடறது இ.பி. விபத்து நஷ்டஈடுன்னா எம்.சி.ஓ.பி.

சிவில் கேஸ் சொத்து மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்டக் கோர்ட்னு பிரியும். சின்ன தாலுகாவுல முன்சீப்பும் மாஜிஸ்ட்ரேட்டும் ஒரே ஜட்ஜா இருப்பாங்க, காலையில வரப்புத் தகராறும் சாயங்காலம் அடிதடியும் ஒரே ரூம்ல ஓடும், பயந்துடாதீங்க.

இதைவிட முக்கியம் சி.என்.ஆர். நம்பர். 16 இலக்கம், தமிழ்நாட்டுக் கேஸ்னா டி.என்.னு தொடங்கும். இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்பை இறக்கி (காசு கிடையாது) அந்த நம்பரைப் போட்டா அடுத்த வாய்தா எப்ப, போன வாய்தாவுல என்ன நடந்தது, எந்தக் கோர்ட் ரூம், எல்லாம் வந்துடும். நம்பர் தெரியலைன்னா பேரை வச்சும் தேடலாம். இந்த ஆப் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா கீழ சொல்லப் போற பாதிக் கதை நடந்தே இருக்காது.

3. டிராபிக் கேஸ்

முதல்ல சலான் நிஜமான்னு பாருங்க. வாட்ஸ்அப்ல ஒரு பைலோ லிங்க்கோ அனுப்பி அபராதம் கட்டுன்னு வந்தா தொடாதீங்க, இன்ஸ்டால் பண்ணினா பேங்க் காசு போயிடும். மத்திய அரசோட பரிவாகன் இ-சலான் சைட்டுக்கு நீங்களே போய், முகவரி .gov.in-னு முடியுதான்னு பாத்து, வண்டி நம்பரைப் போட்டுத் தேடுங்க. அங்க இல்லைன்னா பெரும்பாலும் டூப்தான்.

எவ்வளவுன்னு ஒரு கணக்கு: ஹெல்மெட் இல்லைன்னா 1,000 ரூபாய், லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5,000, இன்சூரன்ஸ் இல்லைன்னா முதல் தடவை 2,000, மறுபடி மாட்டினா 4,000. இதெல்லாம் ஆன்லைன்லயே கட்டிட்டு ரசீது எடுத்துக்கலாம். குடிச்சுட்டு ஓட்டினது அப்படி இல்ல, கோர்ட்டுக்குப் போய்தான் ஆகணும், முதல் தடவைக்கே 10,000 வரைக்கும் அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டுமே, லைசென்ஸும் சஸ்பெண்ட் ஆகும். 18 வயசு ஆகாத பையன்கிட்ட வண்டியைக் கொடுத்தா அப்பா அம்மாவுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபாயும் 3 வருஷம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு, வண்டி ஆர்.சி.யும் 12 மாசத்துக்கு ரத்து. "பக்கத்துக் கடைக்குத்தானே போறான்"னு சாவி கொடுக்கறவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.

கட்டாம விட்ட சலான் வர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் கோர்ட்) போகும். அந்த சைட்ல வண்டி நம்பரையோ சலான் நம்பரையோ போட்டா ரெண்டு வழி காட்டும்: ஒத்துக்கிட்டு அபராதம் கட்டறது, இல்ல எதிர்த்து வாதாடறது. எதிர்க்கறேன்னு கொடுத்தா கேஸ் நிஜக் கோர்ட்டுக்கு மாறிடும், அப்புறம் நேர்ல போகணும். உங்க நம்பர் பிளேட்டை வேற எவனோ மாட்டிக்கிட்டு ஓட்டினான்னா கண்டிப்பா எதிர்த்துடுங்க, போட்டோவுல வண்டி மாடல் வேறன்னு காட்டினாலே பாதி வேலை முடியும்.

என் கதைக்கு வர்றேன். பைக்கை ஒருத்தருக்கு வித்தேன், காசு வாங்கினேன், ஆர்.சி.யில பேர் மாத்தற 29, 30 பார்ம்ல கையெழுத்து போட்டுக் கொடுத்தேன், "நான் மாத்திக்கிறேண்ணே"ன்னார், நம்பிட்டேன். அவர் மாத்தவே இல்ல. அவரோட மச்சான் லைசென்ஸ் இல்லாம ஓட்டி மாட்டினான், ஓட்டினவன் மேல ஒரு பிரிவு, லைசென்ஸ் இல்லாதவனுக்கு வண்டி கொடுத்த ஓனர்னு என் மேல ஒரு பிரிவு. சம்மன் வந்துச்சு, நான்தான் வித்துட்டேனேன்னு தூக்கிப் போட்டேன். கோர்ட்டைப் பொறுத்தவரை ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர். வித்து 14 நாளுக்குள்ள 29-ம் பார்மை நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுத்து ஒப்புகை வாங்கிடணும், வாங்கினவர் பண்ணுவார்னு விட்டுடக் கூடாது. அதோட வித்த ரசீது, வாங்கினவர் ஆதார் நகல், சாவி கொடுத்த தேதி நேரம், இதை எல்லாம் வச்சுக்கங்க.

வண்டியைப் பிடிச்சு வச்சிருந்தா அதை மீட்கத் தனியா ஒரு மனு போடணும். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஆதார், இதோட ஒரு பாண்டும் (எழுதிக் கொடுக்கற உறுதிப் பத்திரம்) கேப்பாங்க. சீக்கிரம் போடுங்க, ஸ்டேஷன் வாசல்ல வெயில்லயும் மழையிலயும் வண்டி நிக்கற லட்சணம் உங்களுக்கே தெரியும்.

4. கிரிமினல் கேஸ்: வாய்தாவைத் தவறவிட்டா வாரண்ட்

சம்மனைத் தூக்கிப் போட்டேன்னு சொன்னேனே, மூணு மாசம் கழிச்சு காலையில ஆறு மணிக்கு கான்ஸ்டபிள் ஒருத்தர் வாசல்ல நிக்கிறார், என் பேர்ல பிடிவாரண்ட். கேஸ் என்னவோ வெறும் லைசென்ஸ் கேஸ். நல்ல மனுஷர், "இன்னைக்கே வக்கீலோட போய் ரீகால் பண்ணிக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போனார், எல்லாரும் அப்படிச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

வாரண்ட் இருக்குன்னு தெரிஞ்சா செய்ய வேண்டியது இதுதான்: ஓடாதீங்க, வக்கீலைப் பாத்து வாரண்ட் ரீகால் மனு (வாரண்டை ரத்து பண்ணச் சொல்ற மனு) ரெடி பண்ணி, நீங்களே நேர்ல போய் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நில்லுங்க. ஏன் வரலைன்னு காரணம், அதுக்கு ஆதாரம் இருந்தா (ஆஸ்பத்திரி சீட்டு, வேற ஊர்ல இருந்த டிக்கெட்) மனுவோட சேருங்க. சின்ன கேஸுக்கு பெரும்பாலும் எச்சரிச்சு ரீகால் பண்ணிடுவாங்க. ரீகால் ஆனதும் அந்த ஆர்டர் நகலை ஸ்டேஷன்லயும் காட்டிடுங்க, அவங்க நோட்டுல பழைய வாரண்ட் அப்படியே இருந்தா மறுபடி வந்து நிப்பாங்க.

ஒரு நாள் வர முடியலைன்னா முன்னாடியே வக்கீல்கிட்ட சொல்லுங்க, அவர் ஆஜராகாததுக்கு ஒரு மனு போடுவார். புதுச் சட்டம் 2024 ஜூலை 1-ல வந்த பிறகு அது 355-வது பிரிவு, ஆனா வராண்டாவுல எல்லாரும் இன்னும் "317 போட்டுடலாம்"னுதான் சொல்வாங்க. ரெண்டும் ஒண்ணுதான்.

அரெஸ்ட் ஆயிட்டா: 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு போகணும், அதுல பயண நேரம் சேராது. எந்தப் பிரிவு போட்டிருக்காங்கன்னு முதல்ல கேளுங்க. பெயிலபிள் பிரிவுன்னா ஜாமீன் உங்க உரிமை, ஸ்டேஷன்லயே கொடுக்கலாம். நான்-பெயிலபிள்னா கோர்ட்ல மனு போடணும், கிடைக்கறது ஜட்ஜ் கையில. புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகல் இலவசம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு சார்ஜ் ஷீட்டோட நகலும் சாட்சி வாக்குமூலமும் இலவசம், ஆஜரான நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள கொடுக்கணும்னு இருக்கு. இதுக்குக் காசு கேட்டா வக்கீல்கிட்ட சொல்லுங்க.

ஜாமீன்தாரரா போறவங்களுக்கு: ஆர்டர்ல "ரெண்டு பேர், தலா 10,000 ரூபாய்க்கு"ன்னு போட்டிருந்தா அந்தக் காசை எடுத்துட்டு ஓட வேண்டாம், நான் ஓடினேன், ஏ.டி.எம்.ல நின்னு எடுத்துட்டுப் போய் பென்ச் கிளார்க் சிரிச்சதுதான் மிச்சம். அது பாண்ட் தொகை, ஆள் வராம ஓடிப்போனாதான் உங்ககிட்ட வசூல் பண்ணுவாங்க. கொண்டு போக வேண்டியது: ஆதார், ரேஷன் கார்டு, ரெண்டு போட்டோ, வீட்டு வரி ரசீதோ சொத்து ஆதாரமோ, எல்லாத்துக்கும் ஒரிஜினலும் ஜெராக்ஸும். சில கோர்ட்ல தாசில்தார் தர்ற சால்வன்சி சர்டிபிகேட் (அந்த அளவுக்குச் சொத்து இருக்குன்னு காட்டற சான்று) கேப்பாங்க, அதுக்கு நாள் ஆகும், அதனால ஜாமீன் மனு போடும்போதே விசாரிச்சுடுங்க. எங்க கேஸ்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்டர் வந்துச்சு, பேப்பர் பத்தலை, பையன் சனி ஞாயிறு உள்ளேயே இருந்தான். காசு பணம் இல்லாதவங்க பயப்பட வேண்டாம், பெயிலபிள் கேஸ்ல ஒரு வாரத்துக்குள்ள ஜாமீன்தாரர் கொண்டு வர முடியலைன்னா சொந்த பாண்ட்ல விடச் சட்டத்துலயே இடம் இருக்கு.

இன்னொரு பொறி. "ஒத்துக்க, அபராதம் கட்டிட்டுப் போயிடலாம்"னு வராண்டாவுல யாராவது சொல்வாங்க. ஹெல்மெட் கேஸுக்குச் சரி. அடிதடி, திருட்டு மாதிரி கேஸ்ல ஒத்துக்கிட்டா அது தண்டனைதான், அபராதம் 500 ரூபாயா இருந்தாலும், அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது முன்னாடி வந்து நிக்கும். கேஸ் நடக்கும்போது பாஸ்போர்ட் வேணும்னாலும் அந்தக் கோர்ட்லயே அனுமதி வாங்கணும், மறைச்சு அப்ளை பண்ணாதீங்க, போலீஸ் வெரிபிகேஷன்ல வந்துடும்.

5. சிவில் கேஸ்: 30 நாள்

அப்பா கதை. சம்மனை அமீனாகிட்ட மரியாதையா கையெழுத்து போட்டு வாங்கினார், மஞ்சப்பையில சுத்தி பீரோவுல வச்சார், எங்ககிட்ட சொல்லவே இல்ல. "நம்ம இடம்தானே, அவன் என்ன பண்ணிடுவான்"னு ஒரு தைரியம். அஞ்சு மாசம் கழிச்சு பக்கத்து வீட்டுக்காரர் கையில ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. எங்க பத்திரம், பட்டா எதையும் யாரும் பாக்கவே இல்ல, பாக்க வேண்டிய அவசியமும் கோர்ட்டுக்கு இல்ல, ஏன்னா நாங்க வரலை.

சம்மன் வாங்கின நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள பதில் போடணும், அதுக்கு ரிட்டன் ஸ்டேட்மெண்ட்னு பேர். காரணம் காட்டினா 90 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆயிட்டா அதை ரத்து பண்ணச் சொல்லி 30 நாளுக்குள்ள மனு போடணும். அதையும் தாண்டிட்டா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனியா இன்னொரு மனு, அதுல ஏன் இத்தனை நாள்னு நம்பற மாதிரி காரணம் சொல்லணும். எங்களுக்கு அனுமதிச்சாங்க, ஆனா எதிர் பார்ட்டிக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லி. அந்த மனுவே எட்டு மாசம் ஓடுச்சு, அசல் கேஸ் அதுக்கப்புறம்தான் முதல்ல இருந்து ஆரம்பிச்சுது.

நீங்க கேஸ் போடற பக்கம்னா செலவு: பண வசூல் கேஸுக்கு கோர்ட் பீஸ் 3 சதவீதம். 5 லட்சம் வரணும்னா 15,000 ரூபாய். 2017-க்கு முன்னாடி ஏழரை சதவீதம் இருந்துச்சு, இன்னும் பழைய கணக்கைச் சொல்லிப் பயமுறுத்தறவங்க இருக்காங்க. இதுக்கு மேல சம்மன் அனுப்ப பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ், வக்காலத்து ஸ்டாம்ப், வக்கீல் பீஸ். கொடுத்த கடனுக்கு 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். அரசு மேல கேஸ்னா முதல்ல நோட்டீஸ் கொடுத்து 2 மாசம் காத்திருக்கணும்.

செக் பவுன்ஸ் தனி கணக்கு, அது மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகும்: பேங்க் மெமோ வந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அது கிடைச்சதும் செக் கொடுத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள் டைம், அதுக்கப்புறம் 1 மாசத்துக்குள்ள கேஸ். இதுல ஒரு கெடு தவறினாலும் சிக்கல்தான்.

ஆவணத்துல ஒரே ஒரு விதி, ஒரிஜினலை யார்கிட்டயும் கொடுத்து வைக்காதீங்க. வக்கீலுக்கு ஜெராக்ஸ், சாட்சி சொல்லி ஆவணம் குறியீடு பண்ற அன்னைக்கு மட்டும் ஒரிஜினல். சொத்துக் கேஸ்னா வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, தாய்ப் பத்திரம், வீட்டு வரி ரசீது, இதெல்லாம் கேஸ் தொடங்கறதுக்கு முன்னாடியே எடுங்க. யாராவது உங்க மேல கேஸ் போட்டு திடீர்னு தடை உத்தரவு வாங்கிடுவாங்கன்னு தோணினா கேவியட் மனு போட்டு வைங்க, 90 நாள் செல்லும், உங்களைக் கேக்காம ஆர்டர் போட மாட்டாங்க.

எவ்வளவு நாள் ஆகும்னு கேக்காதீங்க. சட்டத்துல ஒரு பார்ட்டிக்கு மூணு தடவைக்கு மேல வாய்தா கூடாதுன்னு இருக்கு, எங்க கேஸ் டைரியைப் பாத்தா அந்தச் சட்டம் எழுதினவர் அழுதுடுவார். தீர்ப்பு ஜெயிச்சாலும் எதிர் பார்ட்டி தானா செய்யலைன்னா இ.பி. போடணும், அதுக்கு பொதுவா 12 வருஷம் டைம்.

6. கோர்ட் நாள்

பத்தரைக்கு உக்காருவாங்க, பத்து மணிக்கே போயிடுங்க. ரூம் வாசல்ல கேஸ் லிஸ்ட் ஒட்டியிருப்பாங்க, உங்க நம்பர் எத்தனாவதுன்னு பாருங்க. டபேதார் பேரைக் கூப்பிடுவார், பேர் வேற மாதிரி காதுல விழும், அதனால முன்னாடி இருக்கறவர் கேஸ் நம்பர் என்னன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. டீ குடிக்கப் போனப்பதான் கூப்பிடுவாங்க, இது எழுதாத சட்டம். போன் ஆஃப். கைலி, அரை டிராயர் வேண்டாம். ஜட்ஜ் கேட்டா மட்டும் பேசுங்க. வெளிய வரும்போது அடுத்த வாய்தா தேதியை நீங்களே கேட்டு எழுதிக்கங்க, சாயங்காலம் ஆப்லயும் சரிபாருங்க. மே மாசம் சிவில் கோர்ட்டுக்கு லீவு, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு இல்ல, அதைக் குழப்பிக்கிட்டு வாய்தாவை விட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

7. வக்கீலும் இலவச உதவியும்

பீஸ் மொத்தமா, வாய்தாவுக்கு இவ்வளவான்னு முதல் நாளே பேசிடுங்க. கேஸ் கட்டோட ஒரு நகல் உங்ககிட்டயும் இருக்கணும். அபராதமோ கோர்ட் பீஸோ யார் கையில கொடுத்தாலும் ரசீது வாங்குங்க. ரசீது இல்லாத காசு கோர்ட்டுக்குப் போகலைன்னு வச்சுக்கங்க.

பீஸ் கொடுக்க முடியலைன்னா அதே வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், 15100-க்குப் போன் பண்ணியும் கேக்கலாம். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், காவல்ல இருக்கறவங்க, இவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னே பாக்காம வக்கீல் தருவாங்க. இது எங்க அம்மா பேர்ல ஒரு மனு போடும்போதுதான் தெரிஞ்சுது, அதுக்குள்ள நாங்க நிறைய செலவு பண்ணியாச்சு.

லோக் அதாலத்தையும் (சமரசமா முடிச்சுக்கற மக்கள் நீதிமன்றம்) கேளுங்க. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா அன்னைக்கே முடியும், கட்டின கோர்ட் பீஸ் திரும்ப வரும், ஆனா அதுக்கு அப்பீல் கிடையாது, அதனால கையெழுத்துக்கு முன்னாடி நிதானமா படிங்க. சுவர் கேஸை நாங்க கடைசியில அங்கதான் முடிச்சோம், ஒன்றரை அடி விட்டுக்கொடுத்து. அப்பாவுக்கு இன்னும் அந்த ஒன்றரை அடி மேல கோபம்.

8. முடிஞ்ச பிறகு

தீர்ப்பு வந்த அன்னைக்கே சர்டிபைடு காப்பிக்கு (கோர்ட் சான்று போட்டுத் தர்ற நகல்) மனு போட்டுடுங்க. கிரிமினல்ல மாஜிஸ்ட்ரேட் தீர்ப்புக்கு எதிரா செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், சிவில்ல மாவட்ட அளவுல 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். காப்பி தயாராக ஆன நாட்களை இதுல கழிச்சுக்குவாங்க, ஆனா நீங்க மனு போடாம இருந்த நாளைக் கழிக்க மாட்டாங்க. டிராபிக் கேஸ்னா அபராத ரசீதோட பரிவாகன்ல சலான் முடிஞ்சதா காட்டுதான்னு பத்து நாள் கழிச்சுப் பாருங்க, காட்டலைன்னா ரசீதை எடுத்துட்டு அந்த டிராபிக் ஸ்டேஷனுக்கே போங்க. என்னோடது ரெண்டாவது தடவை போன பிறகுதான் மாறுச்சு.